குட்டி போடும் வண்ணமீன்கள்

கடைத்தெருவில் வண்ணமீன் கடை ஒன்றின் முன்னால் நிற்கிறீர்கள். வரிசை வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். ஒரு தொட்டியில், உடம்பைவிடப் பெரிய வாலை விசிறிபோல் விரித்துக்கொண்டு, விரல் நீளம்கூட இல்லாத மீன்கள் ஓடி விளையாடுகின்றன. பெயர் கப்பி என்கிறார் கடைக்காரர். விலையும் குறைவுதான். இரண்டு ஆண், இரண்டு பெண் என்று நான்கு மீன்களை வலையால் பிடித்து, பாலித்தீன் பையில் நீரோடு விட்டு, வாயை ரப்பர் வளையத்தால் இறுக்கி உங்கள் கையில் தருகிறார். இப்பொழுது சொல்லுங்கள்: அந்தப் பைக்குள் எத்தனை உயிர்கள் இருக்கின்றன?

நான்கு என்று சொன்னால் விடை அநேகமாகத் தவறு. கடைத் தொட்டியில் ஆணும் பெண்ணும் கலந்தே இருந்தன. வளர்ந்த பெண் கப்பி எதுவும் அத்தகைய தொட்டியில் சினைப்படாமல் இருப்பது அரிது. ஒவ்வொன்றும் 25 கருக்களைச் சுமப்பதாக வைத்துக்கொண்டால், உங்கள் கையில் இருப்பது 54 உயிர்கள். வீட்டிற்குக் கொண்டுபோய் ஒரு மாதம் ஆவதற்குள் இந்தக் கணக்கு கண்ணெதிரே தெரிந்துவிடும்.

மீன் என்றால் முட்டையிடும் என்றுதான் படித்திருக்கிறோம். கெண்டையும் விராலும் அப்படித்தான். ஆனால் பொசிலிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்த மீன்கள் குட்டி போடுகின்றன. வண்ணமீன் கடைகளில் இக்குடும்பத்தார் நால்வரை எப்போதும் பார்க்கலாம். கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் ஆகியவையே அந்த நால்வர். கடைசியாகச் சொன்னதன் ஆணுக்கு வாலின் கீழ்ப்பகுதி நீண்டு வாள்போல் நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்வார்ட்டெயில் என்று கேட்டால் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். நான்குமே அமெரிக்கக் கண்டத்து மீன்கள். கப்பியின் தாயகம் ட்ரினிடாட் தீவும் வெனிசுலா முதலிய தென்னமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியும். மற்ற மூன்றும் பெரும்பாலும் மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் உள்ள ஓடைகளுக்கு உரியவை.

கப்பி என்பது மீனின் பெயரன்று, ஒரு மனிதரின் பெயர். ட்ரினிடாடில் வாழ்ந்த ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி என்பவர் இம்மீனை லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். 1866-இல் அங்கிருந்த குந்தர் என்னும் விலங்கியலார் அவர் பெயரையே மீனுக்குச் சூட்டினார். ஆனால் 1859-இலேயே பீட்டர்ஸ் என்னும் ஜெர்மானியர் இதே மீனுக்குப் பெயரிட்டுவிட்டார். முந்திய பெயருக்கே உரிமை என்பது விலங்கியல் விதி. ஆகவே அறிவியல் பெயர் பொசிலியா ரெடிகுலேட்டா என்றாயிற்று. மக்கள் வாயில் கப்பிதான் நிலைத்தது.

வயிற்றுக்குள் வளரும் முட்டை

பசுவின் கன்று தாயின் உடலோடு நஞ்சுக்கொடியால் இணைந்து, தாயின் இரத்தத்திலிருந்து உணவைப் பெற்று வளர்கிறது. கப்பியில் அப்படி இல்லை. அதன் முட்டையில் கருவுக்கு வேண்டிய மஞ்சள் கரு முழுவதும் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கிறது. அந்த முட்டை வெளியே வராமல் தாயின் உடலுக்குள்ளேயே கருவுற்று, அங்கேயே வளர்ந்து பொரிகிறது. தாய் தருவது முக்கியமாகப் பாதுகாப்பும் பிராணவாயுவும்தான்.

முட்டை உள்ளே கருவுற வேண்டுமானால் விந்தணு உள்ளே சென்றாக வேண்டும் அல்லவா? ஆண் மீனின் வயிற்றுப்புறத்தை உற்றுப் பாருங்கள். வாலுக்கு முன்னால், கீழ்ப்பக்கத்தில் இருக்கும் துடுப்பு பெண்ணுக்கு விசிறிபோல் அகன்றிருக்கும். ஆணுக்கோ அது ஒடுங்கி நீண்டு, குச்சிபோல் இருக்கும். இதற்குக் கோனோபோடியம் என்று பெயர். இக்குடும்பத்து மீன்களில் ஆண், பெண் அறிய இதைவிட உறுதியான அடையாளம் இல்லை. நிறத்தைக் கண்டு ஏமாற வேண்டாம். பிளாட்டியிலும் மோலியிலும் இரண்டும் ஒரே நிறத்தில் இருக்கும்.

இனி வியப்பான செய்தி ஒன்று. ஒருமுறை பெற்ற விந்தணுக்களைப் பெண் மீன் தன் உடலுக்குள் பல மாதங்கள் சேமித்து வைத்துக்கொள்கிறது. ஓர் ஈற்று முடிந்ததும் அடுத்த முட்டைகளுக்கு அந்தச் சேமிப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆண் துணையே இல்லாமல் தனியாக வைத்தாலும் மாதந்தோறும் ஈனும். ட்ரினிடாட் ஓடைகளில் வாழும் கப்பிகளின் மரபுவழியை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வு, தந்தை இறந்து மாதக்கணக்கான பின்னும் அதன் குட்டிகள் புதிதாகப் பிறந்துகொண்டிருந்ததைக் காட்டியது.

சோப்பு நுரைக்காத தண்ணீர்

மீன் வாங்குவதற்கு முன் தண்ணீரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். மீன் வளர்ப்பவர் உண்மையில் வளர்ப்பது தண்ணீரைத்தான் என்று அனுபவசாலிகள் வேடிக்கையாகச் சொல்வார்கள். அது வேடிக்கை அன்று.

உங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரில் பருப்பு வேக நேரமாகிறதா? சோப்பு சரியாக நுரைப்பதில்லையா? வேதியியல் பாடத்தில் படித்த கடின நீர் அதுதான். இரண்டு சிறு பாட்டில்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மழைநீர், மற்றொன்றில் கிணற்று நீர், சம அளவு. ஒவ்வொன்றிலும் பத்துச் சொட்டு சோப்புக் கரைசல் விட்டுக் குலுக்குங்கள். மழைநீர் பாட்டிலில் நுரை பொங்கும். கடின நீரில் வெண்மையான திரிதான் மிதக்கும். கால்சிய, மக்னீசிய உப்புகள் சோப்பைப் பிடித்துக்கொள்வதே காரணம். சமையலுக்கும் சலவைக்கும் தொல்லை தரும் இந்த நீர் நம் நான்கு மீன்களுக்கும் மிகவும் பிடித்தமானது. மென்னீரும் அமிலத் தன்மையும் அவற்றுக்கு ஒத்துவருவதில்லை. பி.எச். அளவு 7-க்குக் கீழே இறங்காமல், 7.5-ஐ ஒட்டியோ சற்று மேலோ இருப்பது நல்லது. மென்னீரில் விட்ட மோலி, நீந்தாமல் ஒரே இடத்தில் நின்று உடம்பை நெளித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அது நடனமன்று, துன்பம். சென்னையில் கொளத்தூர் வண்ணமீன் உற்பத்திக்கும் விற்பனைக்கும் பெயர் பெற்ற இடம். உங்கள் ஊர்க் கடைக்காரரும் அங்கிருந்து மீன் தருவிப்பவராக இருக்கலாம். அவை எத்தகைய நீரில் வளர்ந்தவை என்று அவரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கடின நீரில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. தொடக்கக்காரர்களின் மீன்கள் முதல் மாதத்தில் செத்துப்போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

மீனின் முக்கியக் கழிவு அம்மோனியா. அது செவுள் வழியாக இடைவிடாமல் வெளியேறுகிறது. மிஞ்சிய உணவு அழுகினாலும் அம்மோனியா உண்டாகும். ஆற்றில் இருந்தால் அடித்துக்கொண்டு போய்விடும். தொட்டியில் எங்கே போவது? நீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கிறது. அம்மோனியம் அயனியாக இருக்கும்போது தீங்கு குறைவு. அம்மோனியாவாகவே இருக்கும்போது அது செவுளை எரிக்கும் நஞ்சு. எந்த வடிவம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பி.எச். அளவு. 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், பி.எச். 7 ஆனால் மொத்த அம்மோனியாவில் 1,000-க்கு ஏறத்தாழ 6 பங்குதான் நஞ்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது 54 பங்காகிவிடும். அதே தொட்டி, அதே மீன்கள், அதே அளவு கழிவு. நஞ்சு மட்டும் ஒன்பது மடங்கு! நம் மீன்களுக்கு ஏற்ற காரத்தன்மையே அவற்றின் கழிவைக் கொடிய நஞ்சாக்குகிறது.

இதிலிருந்து காப்பாற்றுபவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சுதான், இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயு சுமக்க இயலாமல் செய்துவிடும். மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக்குகிறது. பழைய நூல்கள் இந்த இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்று எழுதின. மீன்தொட்டிகளில் அதைப் பெரும்பாலும் செய்வது நைட்ரோஸ்பைரா என்னும் வேறோர் இனம் என்று 1990-களின் இறுதியில் தெரிய வந்தது. இவை காற்றிலும் நீரிலும் இயல்பாகவே இருக்கின்றன. ஆனால் புதுத் தொட்டியில் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். புதுத் தொட்டி வாங்கிய அன்றே இருபது மீன்களை விட்டால், பாக்டீரியாக்கள் வந்து சேர்வதற்குள் மீன்கள் போய்ச் சேர்ந்துவிடும்.

ஆகவே தொட்டியை முதலில் தயார் செய்யுங்கள். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் உள்ள தொட்டி தொடங்குவதற்குப் போதும். பெருக்கிப் பாருங்கள், 54 லிட்டர் வரும். மணலும் மேலே விடும் இடமும் போக 45 லிட்டர் நீர் பிடிக்கும். கண்ணாடி, மணல் எடையும் சேர்ந்தால் உங்கள் எடையைத் தாண்டக்கூடும். ஆட்டம் காணும் மேசைமேல் வைக்கக் கூடாது. மேசை அலங்காரத்துக்கென்று விற்கும் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். நீருக்குள் பிராணவாயு புகுவது நீர்ப்பரப்பின் வழியாகத்தான். கிண்ணத்திலோ வாய் குறுகல். போதாக்குறைக்கு, வெப்பம் ஏற ஏற நீரில் கரையும் பிராணவாயு குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டரில் 9 மில்லிகிராம் கரையுமென்றால் 28 டிகிரியில் 8-க்கும் குறைவு. கோடையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதன் காரணம் இதுதான்.

அடியில் கழுவிய ஆற்று மணல் அல்லது சிறு கூழாங்கல், காற்றுக்குழாய் பொருத்திய பஞ்சு வடிகட்டி, நிறைய ஹைட்ரில்லா. ஆம், ஒளிச்சேர்க்கைச் சோதனையில் புனலுக்கடியில் வைத்துக் குமிழ்களை எண்ணினீர்களே, அதே செடிதான். அது அம்மோனியாவை நேரடியாகவே உறிஞ்சிக்கொள்ளும். குட்டிகளுக்கு ஒளிவிடமாகவும் ஆகும். வெயில் நேரே படும் சன்னலோரம் வேண்டாம். பாசி பிடித்துக் கண்ணாடி பச்சையாகிவிடும். சமவெளி ஊர்களில் நீரைச் சூடாக்கும் கருவி தேவைப்படாது. ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்குத் தேவைப்படும். 24 முதல் 28 டிகிரி வரை இம்மீன்களுக்கு இதமானது.

நகராட்சிக் குழாய் நீரானால் அதில் குளோரின் இருக்கும். ஒருநாள் முழுவதும் வாளியில் திறந்து வைத்தால் குளோரின் வெளியேறிவிடும். குளோரமின் கலந்த நீரானால் இந்த முறை பயன்படாது. மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கி சில சொட்டு விட வேண்டும். அவற்றில் பலவற்றின் மூலப்பொருள் புகைப்படக்காரர்கள் ஹைப்போ என்று சொல்லும் சோடியம் தயோசல்பேட்.

நீரை நிரப்பி, வடிகட்டியை ஓடவிட்டு, மீனே இல்லாத தொட்டியில் நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனுணவைப் போட்டு வாருங்கள். அது அழுகி அம்மோனியா தரும், பாக்டீரியா பெருகும். ஏற்கெனவே நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அவருடைய வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான் இது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழி என்று சோதனைக் குப்பி காட்டிய பிறகு, முதலில் இரண்டு மூன்று மீன்கள் மட்டும் விடுங்கள். இரண்டு வாரங்கள் கழித்து மற்றவை.

அதன் பிறகு வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றினால் போதும். வீட்டில் விருந்தாளி வருகிறார் என்று தொட்டியை முழுவதும் கவிழ்த்து, மணலையும் பஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவிப் பளபளப்பாக்குகிறவர்கள் உண்டு. மூன்றாம் நாள் மீன்கள் மிதக்கும். கழுவிப்போனது அழுக்கன்று, பாக்டீரியா! பஞ்சை, வெளியே எடுத்த பழைய தொட்டி நீரிலேயே இலேசாகப் பிழிந்தால் போதும். மின்சாரம் நெடுநேரம் போனால் உணவு போடாதீர்கள். குவளையால் நீரை மொண்டு மொண்டு ஊற்றினால் காற்று கலக்கும்.

யாரோடு யார்?

நால்வரும் தங்களுக்குள் சமாதானமாக வாழ்பவர்கள். ஆனால் ஆண்கள் ஓயாமல் பெண்களைத் துரத்தும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் என்ற கணக்கில் இருந்தால் துரத்தல் பங்கிடப்படும். ஆண் வாள்வால் மீன்கள் இரண்டை மட்டும் ஒரு சிறிய தொட்டியில் விட்டால், ஒன்று மற்றொன்றை மூலையில் முடக்கிவிடும். வாள்வால் மீன் துள்ளி வெளியே விழவும் கூடியது, மூடி கட்டாயம்.

வேறு இன மீன்களையும் சேர்க்க விரும்பினால், நீரின் இயல்பு இரு சாராருக்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள். நம் இந்தியத் துணைக்கண்டத்து வரிமீனான சீப்ரா டேனியோ நன்றாகப் பொருந்தும். நியான் டெட்ரா அமேசான் காட்டு மென்னீருக்கு உரியது. அழகுக்காகக் கடின நீரில் போட்டு வதைக்க வேண்டாம். டைகர் பார்ப், கப்பியின் தோகையைக் கடித்துக் குதறும். ஃபைட்டர் மீன், தோகை விரித்த ஆண் கப்பியைத் தன் எதிரி என்று எண்ணிப் பாயக்கூடும். ஏஞ்சல் குஞ்சாக இருக்கும்போது சாது. வளர்ந்ததும் கப்பியை விழுங்கிவிடும். தங்கமீன் பெரிதாக வளர்ந்து கழிவும் மிகுதியாக விடும். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கும் சக்கர் மீன் அரை மீட்டரை நெருங்கி வளரக்கூடியது. அது 45 லிட்டர் தொட்டிக்கா?

புதிய மீன்களை இரண்டு வாரமாவது தனிப் பாத்திரத்தில் வைத்துக் கவனியுங்கள். உப்பு தூவியதுபோல் உடலில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது தொற்றுநோய். ஒரு மீனிலிருந்து தொட்டி முழுவதும் பரவும். உணவு ஒரு நாளைக்கு இரண்டு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. மோலிக்கு வேகவைத்த கீரை மிகவும் பிடிக்கும். கொசுப்புழு கிடைத்தால் எல்லாவற்றுக்கும் தீபாவளிதான்.

ஈற்று

சினைப்பட்ட பெண்ணின் வயிற்றின் பின்பகுதியில் ஒரு கரும்புள்ளி தெரியும். நாளாக ஆக அது பெரிதாகிக் கறுக்கும். வெளிர்நிற மீனானால், கடைசி நாட்களில் தோலுக்கடியில் குட்டிகளின் கண்கள் சின்னஞ்சிறு புள்ளிகளாகத் தெரிவதைக்கூட உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கலாம். ஏறக்குறைய நான்கு வாரத்தில் ஈனும். குளிர்ந்த நீரில் சற்றுத் தாமதமாகும். கப்பி தலையீற்றில் பத்துக் குட்டிகள்கூடப் போடாமலிருக்கலாம். வளர்ந்த தாய் முப்பது நாற்பது போடும். பெரிய வாள்வால் மீன் நூறையும் தாண்டும்.

ஒவ்வொன்றும் ஓர் அரிசி நீளம்தான் இருக்கும். சுருண்ட உடலோடு வெளியே விழுந்து, ஒரு கணம் அடியில் கிடந்து, நிமிர்ந்து, உடனே செடிக்குள் ஓடிவிடும். யாரும் கற்றுத்தரவில்லை. ஓடத்தான் வேண்டும், ஏனெனில் முதலில் துரத்துவது பெற்ற தாயே. தாய்ப்பாசம் என்பது இக்குடும்பத்தில் கிடையாது. தன் குட்டிக்கும் கொசுப்புழுவுக்கும் அது வேறுபாடு பார்ப்பதில்லை. தாயை அடைத்துவைக்கச் சிறு பெட்டிகள் விற்கிறார்கள். அதில் நாட்கணக்கில் கிடக்கும் தாய் மிரண்டு, குறைப்பிரசவம் ஆவதும் உண்டு. அடர்ந்த செடிகளே நல்ல மருத்துவமனை. குட்டிகளுக்கு நுணுக்கிய மீனுணவையும் ஊசிமுனை அளவு அவித்த முட்டை மஞ்சள் கருவையும் கொடுக்கலாம். மிஞ்சினால் நீர் கெட்டுவிடும்.

இங்கே ஆராய்ச்சி மனம் படைத்தவர்களுக்கு ஒரு வேலை. கோபன்ஹேகன் நகரில் 1920-இல் ஷ்மிட் என்பவர், முதுகுத் துடுப்பில் கரும்புள்ளி உள்ள ஆண் கப்பிகளின் குட்டிகளை ஆராய்ந்தார். ஆண் குட்டிகள் எல்லாவற்றுக்கும் அந்தப் புள்ளி இருந்தது. பெண் குட்டி ஒன்றுக்கும் இல்லை. பேரனுக்கும் தந்தை வழியாகவே வந்தது. 1922-இல் விங்கே என்பவர், இதற்குரிய மரபணு தந்தை மகனுக்கு மட்டுமே தரும் ஒய் குரோமோசோமில் இருக்கிறது என்று விளக்கினார். மனிதரில் இதற்கு உதாரணமாகக் காது மடலில் முளைக்கும் மயிரைப் பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லி வந்தன. 2004-இல் தென்னிந்திய ஆண்களின் ஒய் குரோமோசோம்களை ஆராய்ந்தபோது அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கப்பியின் புள்ளி இன்றும் உறுதியாக நிற்கிறது.

நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். தெளிவான அடையாளம் உள்ள ஓர் ஆணைத் தேர்ந்தெடுங்கள். பெண்ணைக் கடையிலிருந்து வாங்கிப் பயனில்லை. அதன் உடலுக்குள் யாருடைய விந்தணுக்கள் சேமிப்பில் இருக்கின்றனவோ! உங்கள் தொட்டியில் பிறந்த குட்டிகளில், கீழ்த்துடுப்பு ஒடுங்கத் தொடங்குவதைக் கொண்டு ஆண்களை அடையாளம் கண்டு, மூன்று நான்கு வார வயதிலேயே பெண்களைப் பிரித்துவிட வேண்டும். அவற்றில் ஒன்று வளர்ந்ததும் உங்கள் ஆணோடு சேருங்கள். கடைக் கப்பிகளின் எல்லா நிறங்களும் ஒய் வழியாக வருவனவல்ல. எது தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிறது, எது போகவில்லை என்று பட்டியலிடுங்கள். பிளாட்டியும் வாள்வால் மீனும் ஒரே தொட்டியில் இருந்தால் கலந்து இனம் பெருகும் என்பதையும் நினைவில் வையுங்கள். கரும்புள்ளிப் பிளாட்டிக்கும் வாள்வாலுக்கும் பிறந்த கலப்பினத்தை மீண்டும் வாள்வாலோடு சேர்த்தால், சில குட்டிகளுக்குக் கருநிறத் தோல் புற்றுநோய் உண்டாகிறது. கோர்டன், காஸ்விக் முதலியோர் 1920-களின் இறுதியில் இதைக் கண்டனர். புற்றுநோய் மரபுவழியோடு தொடர்புடையது என்பதற்குக் கிடைத்த முதல் சான்றுகளில் இதுவும் ஒன்று. காரணமான மரபணுவை 1989-இல் பிரித்தறிந்தனர். பிளாட்டியில் அதை அடக்கிவைக்கும் வேறொரு மரபணு இருக்கிறது. வாள்வால் மீனில் அது இல்லை.

மிஞ்சிய குட்டிகள்

முதல் ஈற்று கொண்டாட்டம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் வந்து பார்ப்பார்கள். ஆறாவது ஈற்றில்? இரண்டு தாய்கள், மாதம் 25 வீதம், ஆறு மாதத்தில் 300. முதல் ஈற்றின் பெண் குட்டிகள் அதற்குள் தாங்களே தாயாகிவிடும். 45 லிட்டர் தொட்டியில் வசதியாக வாழக்கூடியவை பன்னிரண்டு, மிஞ்சினால் பதினைந்து சிறு மீன்கள். இந்த நேரத்தில்தான் பலருக்கும் அந்த யோசனை வருகிறது: ‘பக்கத்துக் குளத்தில் விட்டுவிடலாம். கொசுப்புழுவையும் தின்னும், புண்ணியமாகவும் போகும்.’

ட்ரினிடாடில் ஓர் ஆய்வுக் குழு, திறந்தவெளித் தொட்டிகளில் சினைக் கப்பி ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுக் கவனித்தது. 2011-இல் வெளியான முடிவின்படி, பெரும்பாலான தொட்டிகளில் அந்த ஒரு தாயிலிருந்தே ஒரு கூட்டம் உருவாகி நிலைத்துவிட்டது. ஆண் ஒன்றையும் உடன் விடவில்லை என்பதைக் கவனியுங்கள். வட அமெரிக்காவின் கம்பூசியா என்னும் குட்டி போடும் மீனைக் கொசு ஒழிப்புக்கென்று உலகம் முழுவதும் கொண்டுபோய் விட்டார்கள். இந்தியாவுக்கு அது 1928-இல் வந்தது. பல நாடுகளில் அது கொசுப்புழுவோடு நிற்காமல், அந்தந்த ஊர் மீன்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தவளைக் குஞ்சுகளையும் தின்றது. இன்று அது, புகுந்த இடத்தைக் கெடுக்கும் உயிரினங்களுள் மிக மோசமான 100 என்ற பன்னாட்டுப் பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாட்டு ஏரிகளில் வலையில் சிக்கும் சக்கர் மீனும் யாரோ வளர்க்க முடியாமல் விட்டதன் வழிவந்ததுதான்.

கொசுப்புழு தின்ன நம் குளங்களிலேயே ஆள் இருக்கிறது. கரையோரமாகக் குனிந்து பாருங்கள். தலையுச்சியில் வெள்ளி போன்ற ஒரு பொட்டு மின்ன, நீர்ப்பரப்பை ஒட்டி அசையாமல் நிற்கும் ஒரு சிறு மீன் தெரியும். அப்லோகீலஸ் என்னும் இனம் அது. முட்டையிடுவது, கப்பியைப்போல் மாதம் ஒரு படையைப் பெறுவதில்லை. அதன் குளத்தில் நம் தொட்டி மீனைக் கொண்டுபோய் விடுவது, அதன் சோற்றில் பங்கு கேட்பதாகும்.

அப்படியானால் என்ன செய்யலாம்? எளிய வழி, ஆண் கப்பிகளை மட்டும் ஆறேழு வளர்ப்பது. வண்ணம் முழுவதும் அவற்றிடம்தான் இருக்கிறது. பெண்ணே இல்லாததால் ஈற்றும் இல்லை. தொடக்கக்காரர்களுக்கு இதையே நான் முதலில் சொல்வேன். பெண்ணும் வேண்டும் என்பவர்கள், ஆசைக்கு ஓரிரு ஈற்றுகளை வளர்த்துவிட்டுப் பின்னர் செடிகளைக் குறைத்துவிடலாம். பெரிய மீன்கள் பெரும்பாலான குட்டிகளைத் தின்றுவிடும். கேட்கக் கடுமையாக இருக்கும். காட்டு ஓடையிலும் பெரும்பாலான குட்டிகளின் கதை அதுதான். அது பிடிக்காவிட்டால் ஆணையும் பெண்ணையும் தனித்தனித் தொட்டிகளில் வைக்கலாம். ஆனால் முதலில் சொன்ன சேமிப்பு தீரும்வரை பெண்கள் தொட்டியிலும் குட்டிகள் வந்துகொண்டுதான் இருக்கும். வளர்ந்த குட்டிகளைக் கடைக்காரரிடம் கொடுத்து மீனுணவு வாங்கிக்கொள்ளலாம். நல்ல நிறமானால் பலர் ஏற்றுக்கொள்வார்கள். பள்ளி உயிரியல் ஆய்வகத்துக்கும் கொடுக்கலாம், தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு.

தொட்டியிலிருந்து வாரந்தோறும் எடுக்கும் பழைய நீரைச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். நைட்ரேட் மிகுந்த அந்த நீர் செம்பருத்திக்கும் கறிவேப்பிலைக்கும் நல்ல உரம். வேர்ப்பக்கத்து மண்ணில் ஊற்றுங்கள். ஊற்றுமுன் வாளியை வெளிச்சத்தில் சாய்த்து ஒருமுறை பாருங்கள். அடியில் ஓர் அரிசி நகர்ந்தால், அது குட்டி.